லிண்டேன் எச்சத்தைத் தேடி ஒரு ஊற்றுநீர் மாதிரி: சேலம் நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் சேவை

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தின் மேல்புறத்திலுள்ள ஊற்றுதான் வீட்டுக்கும் வேலையாட்களுக்கும் குடிநீர். தண்டுத் துளைப்பான் பூச்சிக்காக என் தந்தையார் பல ஆண்டுகள் செடிகளின் தண்டில் லிண்டேன் என்ற பூச்சிமருந்தைப் பூசினார். 2013-இல் அதன் பயன்பாடே நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், எச்சம் நீரில் இருக்கிறதா என்ற கவலை தீராததால், சேலத்திலுள்ள ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தை நாடினேன்.

மாதிரி எடுப்பதில் அவர்கள் காட்டிய கவனம் பாராட்டுக்குரியது. பிளாஸ்டிக் கேன் பூச்சிமருந்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் என்பதால், கரைப்பானால் கழுவிய ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலைக் கொடுத்து, “ஊத்துத் தண்ணியில அலசாதீங்க, அப்படியே பிடிங்க” என்றார் அங்கிருந்த பெண். நீரில் அலசினால் மருந்து கண்ணாடிச் சுவரில் ஒட்டி, அளவு கூடுதலாகத் தெரியுமாம். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அன்று மாலைக்குள் சேர்ப்பித்தேன்.

குறை அறிக்கையில்தான். எல்லா மருந்துகளுக்கும் நேரே ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்ததே தவிர, எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண இயலாது என்ற எண் இல்லை. இருமுறை தொலைபேசியில் கேட்ட பிறகே, அது லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம் என்று எழுதி அனுப்பினார்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல் லிண்டேனுக்கு வரம்பு 2 மைக்ரோகிராம். ஆகவே அதில் நிம்மதி. அதே வேதிப்பொருளின் இன்னொரு வடிவமான ஆல்ஃபா எச்.சி.எச்.சுக்கோ வரம்பு வெறும் 0.01. அதைப் பொறுத்தவரை இந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். பணம் கட்டுமுன்பே இந்த எண்ணையும், ஒவ்வொரு மருந்தும் பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை நான் வீட்டு ஊற்றளவில் மட்டும் பார்க்கவில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. கடல்நீரில் இத்தகைய மருந்துகள் நானோகிராம் கணக்கில் நீர்த்துவிடுவதால் ஆய்வாளர்கள் நீரை மட்டும் நம்புவதில்லை. கொழுப்பில் மருந்தைச் சேர்த்துவைக்கும் மட்டி, சிப்பிகளின் சதையையும் அடிவண்டலையும் சோதிக்கிறார்கள். சிப்பிகளை இப்படிக் காவலாளியாக்கும் திட்டத்தை 1975-இல் முன்மொழிந்தவர் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க்.

அந்த முறையில் எங்கள் ஓடையின் வண்டலையும் கொடுக்கலாமா என்று கேட்டேன். நீர் மட்டுமே எடுப்போம் என்றார்கள். மாதிரி எடுப்பதற்கு இவர்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வண்டலுக்கு வேறு கூடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.