லீவரைப் பார்க்காமல் பிரேக் மாற்றுகிறவரிடம் பழைய சைக்கிளைக் கொடுக்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் முட்டாள்தனமும் பாதி இருக்கிறது. ஆனால் மீதிப் பாதிக்குக் காசு வாங்கியவர்கள்தான் பொறுப்பு. இன்னொருத்தர் இதே குழியில் விழக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

தினமும் வேலைக்குப் போய்வரும் சைக்கிள், இரும்பு ஃபிரேம், வயது முப்பதுக்கு மேல். முன்னும் பின்னும் கேண்டிலீவர் பிரேக். தெரியாதவர்களுக்கு: ரிம்முக்குக் கொஞ்சம் கீழே ஃபோர்க்கில் இரண்டு முளைகள் பற்றவைத்திருக்கும், அதில் பிரேக் கட்டையைத் தாங்கும் இரண்டு உலோகக் கைகள் மாட்டியிருக்கும், ஹேண்டில்பாரில் நாம் பிடிக்கும் லீவரிலிருந்து வரும் கேபிள் நடுவில் ஒரு சின்ன முக்கோணத் தகட்டைத் தூக்கும், அந்தத் தகட்டில் தொங்கும் குறுக்கு கேபிள் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் இழுக்கும். அவ்வளவுதான் விஷயம். என்னுடையதில் பிரேக் கட்டைகள் காய்ந்து கல்லாகிவிட்டன, பிடித்தால் கத்தும், முன்பக்கம் வலது கை மட்டும் பிடித்தபின் திரும்பி வராது. கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். குனியக்கூட இல்லை. "இந்த மாடல் இப்ப வர்றதே இல்ல சார், வி பிரேக் போட்டுடலாம், கச்சுனு நிக்கும்." வி பிரேக் என்பது அதே முளைகளில் மாட்டும், நீளமான கைகள் கொண்ட வேறு வகை. சரி, தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று தலையாட்டினேன். வருவதே இல்லை என்பது பொய் என்று பின்னால்தான் தெரிந்தது. டெக்ட்ரோ, பால் காம்பொனன்ட்ஸ் என்று கேண்டிலீவர் செய்கிற நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அவரிடம் இல்லை என்பதுதான் உண்மை, அதை அப்படியே சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.

மறுநாள் சைக்கிளைத் திரும்ப வாங்கும்போது லீவரைப் பிடித்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. நான் ஏமாந்த இடம் இதுதான். லேசாக இறங்கினால் நல்ல பிரேக் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் ஒரு வாரம் ஒரு விரலால் தொட்டாலே முன்சக்கரம் வெடுக்கென்று பிடித்தது. அப்புறம் ரிம்மில் கட்டை உரச ஆரம்பித்தது, ஏனென்றால் அவர் கட்டைகளை ரிம்முக்கு ஒரு மயிரிழை தூரத்தில் வைத்திருந்தார், சக்கரத்தில் லேசாகக் கோட்டம் இருந்தாலும் போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் சரக் சரக். உரசலைத் தாங்காமல் நானே திருகைச் சுற்றிக் கட்டையைக் கொஞ்சம் விலக்கினேன். அதன்பிறகு ஒரு மழை நாள், சரிவில் இறங்கும்போது லீவரை இழுக்கிறேன், அது நேராக வந்து ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் இழுக்க இடமே இல்லை. சைக்கிள் தன்பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, நடைபாதை ஓரத்தில் சக்கரத்தை மோதி நிறுத்தினேன். செருப்பு அறுந்ததோடு போயிற்று.

அன்றைக்கு இரவு உட்கார்ந்து இதைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். கடைக்குப் போகும் முன்னாடியே படித்திருக்க வேண்டும்.

வி பிரேக்கை, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 1996-இல் தன் எக்ஸ்டிஆர் என்ற மலை சைக்கிள் பாக வரிசையில் கொண்டுவந்தது. அதன் கைகள் நீளமானவை, ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் இருக்கும். நீளமான கை என்பதால் கட்டை ரிம்மைத் தொட கேபிள் அதிக தூரம் இழுபட வேண்டும், பழைய கேண்டிலீவருக்குத் தேவைப்படுவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் வி பிரேக்குக்கென்றே தனி லீவர் உண்டு. அதில் கேபிள் முனை உட்காரும் இடம் லீவரின் அச்சிலிருந்து தள்ளி இருக்கும், ஒரு பிடிக்கு அதிக கேபிளை இழுக்கும். என்னுடைய பழைய லீவர் கொஞ்சமாகத்தான் இழுக்கும். அதோடு வி பிரேக்கைக் கோத்தால் விசை மிதமிஞ்சிக் கிடைக்கும், தூரம் கிடைக்காது. வெண்ணெய் மாதிரி இறங்கியதன் அர்த்தம் அதுதான். கட்டை கொஞ்சம் தேய்ந்தாலோ, விலகினாலோ, லீவர் ஹேண்டில்பாரில் முட்டி நிற்கும். இதற்கு நேர் எதிராகச் செய்தாலும் ஆபத்துதான். வி பிரேக் லீவரோடு கேண்டிலீவரைக் கோத்தால் பிடி கல் மாதிரி கெட்டியாக இருக்கும், கையில் பிடிப்பவருக்கு "ஆஹா, உறுதியான பிரேக்" என்று தோன்றும், ஆனால் வண்டி நிற்காது. ஆக, நின்ற இடத்தில் லீவரை அமுக்கிப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

திரும்பக் கடைக்குப் போனேன். "லீவரும் மாத்தணும் சார், அது உங்க வண்டில பழசு" என்றார், ஏதோ நான்தான் மறைத்துவிட்ட மாதிரி. என் சைக்கிளில் லீவரும் கியர் மாற்றும் பிடியும் ஒரே துண்டு. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். லீவரை மாற்றினால் கியர் பிடியும் மாற வேண்டும், அது பின்சக்கரப் பல்லோடு ஒத்துப்போக வேண்டும், இப்படியே போனால் சைக்கிளையே மாற்றச் சொல்வார் என்று தோன்றியது. "என் பழைய பிரேக்கைக் கொடுங்கள், அதையே மாட்டிக்கொள்கிறேன்" என்றேன். எடைக்குப் போட்டுவிட்டார்களாம். என்னைக் கேட்காமல். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் திரும்பும் ஹெட்செட்டின் நட்டுகளுக்கு நடுவே இருந்த கேபிள் தாங்கித் தகட்டைக்கூடக் கழற்றி, பதிலுக்கு வாஷர் போட்டிருந்தார்கள். டயருக்கு மேலே இருந்த ரிஃப்ளெக்டர் கம்பியும் இல்லை. கேட்டதற்கு "அழகா இருக்கட்டும்னு எடுத்தோம்" என்றார்.

அந்தக் கம்பி அழகுக்கு இருப்பதில்லை. கேண்டிலீவரில் மெயின் கேபிள் அறுந்தாலோ வழுக்கினாலோ நடுவில் இருக்கும் குறுக்கு கேபிள் தொப்பென்று டயரின் மேல் விழும், டயரில் மாட்டினால் முன்சக்கரம் ஒரே அடியாக நிற்கும், நாம் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்போம். மட்கார்டோ ரிஃப்ளெக்டர் கம்பியோ இருந்தால் கேபிள் அதில் விழுந்து தங்கும். கேண்டிலீவர் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் எழுந்து போய் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

காசைத் திருப்பித் தரமாட்டேன் என்றார். அடுத்து இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்த கேண்டிலீவர் செட்டை வாங்கினேன். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெட்டியில் கைகள் இருந்தன, குறுக்கு கேபிள் இல்லை. கேபிள் தாங்கி வந்தது, ஆனால் 28.6 மில்லிமீட்டர் ஸ்டீயரருக்கு, அதாவது ஃபோர்க்கின் மேல் குழாய்க்கு. என் பழைய ஃபோர்க் ஒரு அங்குலம், அதாவது 25.4. லொடலொட என்று ஆடியது. முன்கூட்டியே அளவைக் கேட்டு இரண்டு முறை எழுதியிருந்தேன், பதில் வரவில்லை, பொருள் மட்டும் வந்தது.

கைகளை மாட்டலாம் என்று பார்த்தால் முன்பக்க முளை ஒன்றில் கை ஏறவே இல்லை. கடையில் வி பிரேக்கை மாட்டியவர் போல்ட்டை வெறிகொண்டு முறுக்கியிருக்கிறார், முளையின் வாய் உப்பிவிட்டது. ஷிமானோவின் குறிப்பில் இந்த போல்ட்டுக்கு முறுக்கும் விசை 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்தான், சின்ன ஆலன் கீயைக் கையால் அளவாக முறுக்கினாலே வந்துவிடும். ஃபிரேமோடு பற்றவைத்த முளை, அதைத் தனியாக வாங்க முடியாது. உப்பிய இடத்தை உப்புத்தாளால் அரை மணிநேரம் பொறுமையாகத் தேய்த்து, கை ஏறுகிறதா ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். அந்த அரை மணிநேரத்தில் அந்த மெக்கானிக்கை நினைத்த நினைப்பை இங்கே எழுத முடியாது.

அதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. முளையைத் துடைக்கும்போது அடியில் பழைய துரு, காய்ந்துபோன கிரீஸ். முதலில் முன்பிரேக்கின் வலது கை திரும்பாமல் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும். கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைத்து, நாலு கட்டைகளை மட்டும் மாற்றியிருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். நல்ல கைகள் எடைக்குப் போய்விட்டன.

அப்புறம் ஒருவழியாக ஒரு அங்குலத் தாங்கி தனியாகத் தேடி வாங்கி, குறுக்கு கேபிளும் வாங்கி மாட்டினேன். வாங்குவதற்கு முன் இந்த முறை முளைக்கு முளை எவ்வளவு தூரம், ரிம் எவ்வளவு அகலம் என்று அளந்து வைத்துக்கொண்டேன். பழைய ஃபிரேம்களில் முளைகள் நெருக்கமாக இருக்கும், புதிய கைகள் விலகலான முளைகளை மனதில் வைத்துச் செய்தவை. கட்டைகளிலும் இரண்டு வகை இருக்கிறது. திருகுத் தண்டு உள்ளவற்றில் தடித்த வாஷரையும் மெல்லிய வாஷரையும் இடம் மாற்றிப் போட்டுத்தான் தூரத்தைச் சரிசெய்ய முடியும், அதுவும் கொஞ்சம்தான். திருகில்லாத வழவழ தண்டு என்றால் உள்ளேயும் வெளியேயும் வேண்டிய அளவுக்கு நகர்த்தலாம். அதைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டு முறுக்க மூன்று கை வேண்டும், அது வேறு விஷயம். பழைய வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். பின்பக்கத்துக்கு அகலமாக விரியும் கைகளை வாங்கினால் மிதிக்கும்போது குதிகால் இடிக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கோணத் தகட்டை முதலில் உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன், பிடி கெட்டியாக இருந்தது, பிரேக் பிடிக்கவில்லை. மட்கார்டில் இடிக்காத அளவுக்குக் கீழே இறக்கியதும் அதே கைகள், அதே லீவர், வண்டி நின்றது. கட்டையின் முன்முனை ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி சாய்த்துவைத்ததில் கத்தலும் போய்விட்டது.

கடையில் விடுகிறவர்களுக்கு: லீவர் எது, கியர் பிடியோடு சேர்ந்ததா என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள், கேட்கவில்லையென்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் பையில் போட்டுத் தரச்சொல்லி விடும்போதே சொல்லிவிடுங்கள்.

அந்த வி பிரேக் செட் புதுசாகவே என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன், ஆனால் முதலில் உங்கள் லீவரின் படத்தைக் காட்ட வேண்டும்.