பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ: வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது

காவேரிப்பட்டணத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க மாதம் நாலு தடவையாவது பெங்களூரு போய் வர வேண்டும். ஆசையாக ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, கடைசியில் 2017 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இந்தியாவில் போலோ தயாரிப்பு 2022-இல் நின்றுவிட்டது, அதனால் ஆசைப்பட்டால் பழைய வண்டிதான்.

"டர்போ இன்ஜின் மாப்ள, போச்சுன்னா வண்டி வெலைல பாதி ஆயிடும்" என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. டர்போ என்பது புகை வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் விசிறி; அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைக் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வில் படியும் கார்பனைக் கழுவ வழி இல்லை. இரண்டுமே முன்பு வைத்திருந்தவர் எந்த ஆயில் ஊற்றினார், எப்போது மாற்றினார் என்பதில் போய் நிற்கும்.

முதலில் ஓசூரில் ஒரு பழைய கார் கடையில் பார்த்தேன். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. காலை எட்டு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போய் பானெட்டில் கை வைத்தால் சூடு, முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள். ஆயில் மூடியைத் திருகி எடுத்தேன். உள்பக்கம் கருப்பாக, அடுப்பில் காய்ந்துபோன வெல்லப்பாகு மாதிரி அப்பியிருந்தது. விரலால் வழித்தால் வரவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை என்று தோன்றியது. சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

இரண்டாவது வண்டி தர்மபுரியில், நேரடி ஓனரிடம். 68,000 கிலோமீட்டர். பில் எல்லாம் ஒரு ஃபைலில் தேதி வாரியாக இருந்தது. வருடம் தவறாமல் ஆயில் மாற்றியிருந்தார். இருந்தாலும் கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்கு 2,500 ரூபாய் கொடுத்துக் கூட்டிப்போனேன். இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. பிளக் நாலையும் கழற்றி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தார். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கும் என்றார்.

அப்புறம் அவர் சொன்ன யோசனைதான் எனக்கு மனசு தெளிய வைத்தது. "தொப்பூருக்கு விடு தம்பி. கணவாய்ல எறங்கும்போது கால எடுத்துட்டு கியர்லயே வா. கீழ போனதும் ஆக்சிலேட்டர மிதி. வால்வு சீல் போயிருந்தா நீலப் புகை வந்துரும்." ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது இன்ஜின் உள்ளே உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும், மிதித்ததும் அது எரியும், அதுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, லாரிகள் குறைவாக இருந்த நேரத்தில் போனோம். பின்னால் இன்னொரு காரில் மச்சான் வந்தார். மூன்றாவது கியரில் இறங்கி, கீழே மிதித்தேன். போன் பண்ணினார்: "ஒன்னுமே வரல மாப்ள, சுத்தமா இருக்கு." திரும்பி தர்மபுரிப் பக்கம் மேட்டில் ஏறும்போது டர்போ இழுத்த இழுப்பில் தயக்கமே இல்லை, டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. மேலே வந்ததும் உடனே அணைக்காமல், டர்போ சூடு ஆற ஒரு நிமிடம் ஓடவிட்டோம்.

ஆறு லட்சம் கேட்டார், ஐந்து லட்சத்து அறுபதுக்கு முடிந்தது.

உண்மையைச் சொன்னால், இந்த வண்டியில் நான் இன்ஜினைவிட அதிகம் யோசித்தது கியர்பாக்ஸைப் பற்றித்தான். இந்த டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்சும் உலர் வகை, ஆயிலில் நனையாது. பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் சூடேறும். கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். வாங்குபவர்கள் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறுகிறதா என்று பாருங்கள். மேட்டில் ரிவர்ஸ் போட்டு மெல்ல ஏற்றியும் பாருங்கள். நான் நெரிசலில் முன் வண்டி பத்தடி நகர்ந்த பிறகுதான் பிரேக்கை விடுகிறேன்.

24,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். ஒரு பேட்டரி, நாலு பிளக், டயர் இரண்டு. ஆயிலை 15,000 வரை விடாமல் 7,500-க்கே மாற்றுகிறேன். சூளகிரி தாண்டி ரோடு காலியாக இருக்கும்போது ஒரு மிதி மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டும், அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை. பட்ஜெட் முழுவதையும் வண்டி விலையிலேயே போட்டுவிடாதீர்கள். நான் ஒன்றரை லட்சத்தைக் கியர்பாக்ஸுக்கென்று பேங்கில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை அதைத் தொடவில்லை.