பஞ்சிகாவத்தை டைனமோ நானா: அல்டர்நேற்றர் போட முதல் இவரிடம் ஒருக்கால் காட்டுங்கள்

மோரிஸ் மைனர், ஒஸ்டின் மாதிரி லூகாஸ் டைனமோ (ஓடும்போது பற்றரியை சார்ஜ் பண்ணுகிறது, புதுக் கார்களில் அந்த வேலையை அல்டர்நேற்றர் செய்கிறது) பூட்டின பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் கடைகளுக்குப் பின்னால் போகிற ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) டைனமோ, ஸ்டார்ட்டர் வேலை மட்டும் செய்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய டைனமோ ஓடுகள் குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம்.

எங்களுடையது அப்பாவின் 1960 மோரிஸ் மைனர், 948 சிசி, பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேட். மூன்று வாரமாகக் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றாமல் இருந்தது. அப்பாவுக்கு 74 வயது, வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் குனிந்து கைபிடி போட்டுச் சுற்றுவார், அதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. பற்றரி புதிது, வாங்கி நாலு மாதம்தான். பெல்ட்டைத் தட்டிப் பார்த்தேன், அரை அங்குலம் ஆடியது, அந்தளவு ஆடலாம். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. ஓடும்போது அணைய வேண்டிய, டாஷ்போர்டில் இருக்கிற சார்ஜ் சிவப்பு லைட் அணையாமல், தணல் மாதிரி மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது, அதுவும் பகலில் கண்ணுக்குத் தெரியாது, இரவில்தான் தெரியும்.

பற்றரி மாற்றின கராஜிலேயே காட்டினோம். பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மீற்றர்கூட வைக்காமல், டைனமோ செத்துவிட்டது, அல்டர்நேற்றராக மாற்றுவோம், 65,000 ரூபா முடியும் என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நானாவிடம் போனபோது அவர் முதலில் செய்தது கேள்வி கேட்டதுதான். லைட் எப்படி எரியுது, நல்லா எரியுதா, மங்கலா எரியுதா? மங்கல் என்றதும் தலையை ஆட்டிவிட்டு மீற்றரை எடுத்தார். டைனமோவில் இருக்கிற இரண்டு வயரையும், கரண்ட் வெளியே வருகிற டியையும் (D) ஃபீல்ட் சுருளுக்குப் போகிற எஃப்பையும் (F), கழற்றினார். இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அதற்கும் காரின் இரும்பு பொடிக்கும் (body) நடுவில் மீற்றரை வைத்து, என்ஜினை மெதுவாக ஏற்றச் சொன்னார். "கூட மிதிக்காதீங்க தம்பி, சுருள் எரிஞ்சிரும்." முள் துள்ளாமல் ஒரே சீராக 20 வோல்ட் வரை ஏறியது. முள் ஒரு வோல்ட்டுக்குள்ளேயே நின்றிருந்தால் காந்தம் உண்டாக்குகிற ஃபீல்ட் சுருளில் பிழை, நாலு ஐந்தில் நின்றிருந்தால் உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரில் பிழை என்று அப்பாவுக்கு விளக்கினார். எங்களுடையதில் இரண்டும் இல்லை. செத்துவிட்டது என்ற டைனமோ முழு உயிரோடு இருந்தது, பார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்புறம் வயர்களைத் திரும்பப் பூட்டி, டைனமோவின் கரண்டை அளவாகப் பற்றரிக்கு விடுகிற கண்ட்ரோல் பொக்ஸில் டி முனையையும் ஏ முனையையும் தனித்தனியாக அளந்தார். டியில் 15 வோல்ட், பற்றரிக்குப் போகிற ஏயில் 12.3. வருகிற கரண்ட் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த சிவப்பு பல்பின் ஒரு பக்கம் டி முனையிலும் மறுபக்கம் இக்னிஷன் வழியாக ஏயிலும்தான் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் இருக்கும்வரை பல்ப் எரியும், வித்தியாசம் சின்னதாக இருந்தால் மங்கலாக எரியும். மூன்று வாரமாக அந்த லைட் பிழை இருக்கிற இடத்தைத்தான் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது!

மூடியைக் கழற்றினால், டைனமோவைப் பற்றரியோடு சேர்த்துப் பிரிக்கிற கட்டவுட் சுவிட்ச்சின் இரண்டு பொயின்ட்டும் கருகிக் குழி விழுந்து கிடந்தன. "பெட்டரியை யாரும் மாத்திப் பூட்டினாங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் காரில் பாசிட்டிவ்தான் பொடியில் பூட்ட வேண்டும், அந்தக் கராஜில் ஜப்பான் கார் பழக்கத்தில் நெகட்டிவைப் பூட்டிவிட்டார்கள். ஸ்டார்ட்டர் எப்படிப் பூட்டினாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், அதனால் கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது, கொஞ்ச தூரம் போனதும் எரிந்த நெடி வந்து திரும்பக் கொண்டுபோனோம். அப்படி மாற்றிப் பூட்டினால் கட்டவுட் மூடுகிற நேரத்தில் டைனமோவின் வோல்ட்டும் பற்றரியின் வோல்ட்டும் ஒன்றோடு ஒன்று கூடி பெரிய கரண்ட் பாயும், பொயின்ட் எரியும். அன்று பற்றரியை மட்டும் திருப்பிப் பூட்டி அனுப்பிவிட்டார்கள், பெட்டிக்குள் ஒருவரும் பார்க்கவில்லை.

கட்டவுட் பொயின்ட்டை எமரி பேப்பரால் தேய்க்கக்கூடாது, கண்ணாடித் தூள் ஒட்டின மெல்லிய தேய்க்கிற பேப்பர்தான் என்றார். அதில் ஒரு கீலம் வெட்டி, பொயின்ட்டுகளுக்கு நடுவில் விட்டு, விரலால் லேசாக அமத்திக்கொண்டு இழுத்தார், பேப்பரில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை இழுத்தார், பிறகு ஸ்பிரிட் துணியால் துடைத்தார். கட்டவுட் 13 வோல்ட்டில் மூடுகிறதா என்று மீற்றரில் பார்த்தார். டைனமோவையும் இறக்கி, தேய்ந்த கார்பன் பிரஷ் இரண்டையும் மாற்றினார். பின்பக்கப் புஷ்ஷில் எண்ணெய் விடுகிற சின்ன ஓட்டையைக் காட்டினார், அதை நாங்கள் இத்தனை வருஷமாகக் கவனிக்கவே இல்லை.

கடைசியில் ஏ முனையில் 14.1. சிவப்பு லைட் முழுதாக அணைந்தது. கார்பனோடு 6,500 ரூபா. இரண்டு மாதம் ஆகிறது, கைபிடி டிக்கியிலேயே கிடக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. பில் தரமாட்டார். அன்று பின்னேரம் தருகிறேன் என்றவர் கார்பன் கிடைக்காமல் அடுத்த நாள்தான் தந்தார். பார்க்கிங் மோசம், ஒழுங்கைக்குள் கார் போனால் திருப்ப முடியாது, ரிவர்ஸில்தான் வர வேண்டும். இன்னொன்று, டைனமோ நல்லதாக இருந்தாலும் காலி வீதி நெரிசலில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு நின்றால் அந்த நேரம் சார்ஜ் ஆகாது, அது பழுது இல்லை, டைனமோவின் இயல்பே அப்படித்தான், அதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். தினமும் இரவில் ஓடுகிறவர்கள் அல்டர்நேற்றர் போடுவதை நான் பிழை சொல்லமாட்டேன். எங்களைப் போல ஞாயிறு காலையில் எடுக்கிறவர்களுக்குத் தேவையே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மூடினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார். மற்ற நாளில் எட்டரைக்கே போங்கள், பத்து மணிக்குப் பிறகு ஆட்டோக்காரர்களின் ஸ்டார்ட்டர்கள் மேசையில் வரிசையில் வந்துவிடும்.