யூடியூப் கிட்ஸ் டைமர்: இது மட்டும் போதாது

2020 ஊரடங்கில் பள்ளி, பூங்கா எல்லாம் மூடியபோது பிள்ளைகள் கைக்கு வந்த போன், பல வீடுகளில் இன்னும் இறங்கவில்லை. அதைக் குறைக்க, பிள்ளைகளுக்கான யூடியூப் கிட்ஸ் செயலியில் இருக்கும் இந்த டைமர் நிச்சயம் உதவும். செயலியின் கீழ்மூலையில் இருக்கும் பூட்டைத் தொட்டு, பெருக்கல் கணக்குக்கு விடை போட்டு, நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். நேரம் முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் பூட்டுவது அந்தச் செயலியை மட்டும்தான்! பிள்ளை அடுத்த நொடி சாதாரண யூடியூபைத் திறந்துவிடும். ஆண்ட்ராய்டில் ஒரே செயலியில் திரையை நிறுத்தி வைக்கும் ‘ஆப் பின்னிங்’கையும் (பழைய போன்களில் ‘ஸ்கிரீன் பின்னிங்’) போட்டு, வெளியேற பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள்.

3, 4 வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது: ஒரு நாளைக்குத் திரை 1 மணி நேரத்துக்குள், ஓடியாடுவது குறைந்தது 3 மணி நேரம், பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம். அதனால் ஒரு தடவைக்கு 20 நிமிடம் வைத்தாலே தாராளம். படுக்கையில் போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். டைமர் நின்றதும் அழுகை, தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.