லோக்கல் ஏஎல்லோ லண்டன் ஏஎல்லோ: யாழ்ப்பாணத்துப் பெற்றாருக்கு

வெளிநாட்டுக்கு அனுப்பப்போற பிள்ளையெண்டா லண்டன் சோதினைதான் எடுக்கோணும், லோக்கல் ஏஎல்லை (இலங்கை அரசாங்கம் வைக்கிற உயர்தரப் பரீட்சையை) அங்க ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம் எண்டு ஒரு கதை எங்கட ஊரில நல்லா அடிபடுது, அதுவும் ஓகஸ்ட்டில நல்லூர்த் திருவிழாவுக்கு கனடா லண்டன் சொந்தக்காரர் வந்து நிண்டா சொல்லத் தேவையில்லை. அந்தக் கதை பிழை. இலங்கை ஏஎல் றிசல்ட்டை வச்சு பிரித்தானியாவிலயும் அவுஸ்திரேலியாவிலயும் கன பல்கலைக்கழகங்கள் நேர டிகிரிக்கே எடுக்கினம், இங்கிலிஷுக்கு ஐஈஎல்டிஎஸ் எழுதிக் காட்டினாச் சரி, சில இடம் சில கோர்சுக்கு டிகிரிக்கு முன்னால ஃபவுண்டேசன் படிப்புக் கேக்கும், அவ்வளவுதான். அப்ப பிள்ளையை எந்தச் சோதினைக்கு விடுறது எண்டதை "வெளிநாடு" எண்ட ஒரு சொல்லை வச்சு முடிவெடுக்கேலாது.

முதல்ல ஒரு விசயம், நாங்கள் லண்டன் லண்டன் எண்டு ஒரே பேரில சொல்லுறது ரெண்டு வேற போர்ட், சோதினை நடத்துற பிரித்தானிய அமைப்புகள். ஒண்டு பியர்சன் நடத்துற எடெக்செல், மற்றது கேம்பிரிட்ஜ். பள்ளிக்கூடத்தால இல்லாமத் தனியா எழுதிறவை பிரிட்டிஷ் கவுன்சிலால பதியினம். எடெக்செல் ஐஜிசிஎஸ்ஈ (ஓஎல், அதாவது சாதாரண தரத்துக்குச் சமனானது) றிசல்ட் 9 தொடக்கம் 1 எண்டு வரும், ஏஎல்லுக்கு ரெண்டு போர்ட்டிலயும் ஏ ஸ்டார் தொடக்கம் ஈ மட்டும். லோக்கல் எண்டா பாடத்திட்டம் மகரகம தேசிய கல்வி நிறுவகம் போடுறது, சோதினை பரீட்சைத் திணைக்களம் வைக்கிறது, புத்தகம் 1980இல இருந்து அரசாங்கம் சும்மா குடுக்குது.

எல்லாத்தையும் விடப் பெரிய வித்தியாசம் கம்பஸ். இலங்கையில இருந்து லண்டன் ஏஎல் எழுதின பிள்ளை வழமையான வழியால அரச பல்கலைக்கழகத்துக்குப் போகேலாது. யாழ்ப்பாணம், பேராதனை, மொறட்டுவை, கொழும்பு எண்டு காசில்லாமப் படிக்கிற இடமெல்லாம் அதோட பூட்டு. இதைப் பிள்ளை ஆறாம் ஆண்டில இருக்கேக்கயே பெற்றாருக்கு ஆரும் விளங்கப்படுத்துறேல்லை, பிறகு பதினெட்டு வயசில வந்து நிண்டு கொழும்பில ஸ்லிட் மாதிரித் தனியார் இடங்களில காசு கட்டிப் படிப்பிப்பமோ, இல்லாட்டி தாய்மாமனுக்கு ஸ்பொன்சர் பண்ணச் சொல்லி எழுதுவமோ எண்டு யோசிக்கினம். காசு இருக்கிற வீடெண்டா பரவாயில்லை. இல்லாத வீடு எண்டா இந்த ஒரு காரணமே காணும், மிச்சத்தை வாசிக்கவும் தேவையில்லை.

ஆனா லோக்கல் பக்கக் கதவு திறந்துதான் கிடக்கெண்டு அங்காலயும் சொல்லேலாது. 2001இல இருந்து கம்பசுக்கு எடுக்கிறது இசட் ஸ்கோரை வச்சு. ஒவ்வொரு பாடத்திலயும் உங்கட மாக்ஸில இருந்து எழுதின எல்லாற்றையும் சராசரியைக் கழிச்சு, நியம விலகலால பிரிச்சு, மூண்டு பாடத்தையும் கூட்டி மூண்டால வகுக்கிறது. அதாலதான் நீங்கள் எவ்வளவு எடுத்தனீங்கள் எண்டதோட கூட எழுதினவை எவ்வளவு எடுத்தினம் எண்டதும் சேர்ந்து உங்கட தலைவிதியை எழுதுது. பிறகு 40 வீதம் தீவு முழுக்க மெரிட்டில, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு எண்டு பிரிக்கிறது. தரப்படுத்தல் (கம்பசுக்குப் போக தமிழ்ப் பிள்ளையள் கூட மாக்ஸ் எடுக்கோணும் எண்டு வந்த முறை) எண்ட சொல் 1970களில எங்கட ஆக்களுக்கு என்ன செய்தது எண்டு அப்பப்பாமாரைக் கேட்டாத் தெரியும், அதுக்குப் பிறகு கணக்கு எத்தினையோ தரம் மாறியிட்டுது, எண்டாலும் பக்கத்து வாங்கில இருக்கிற பெடியனோட போட்டி போட்டே படிக்கிற பழக்கம் இஞ்ச போகேல்லை. லண்டனில கிரேட் நல்லா வந்தா வந்ததுதான், மாவட்டம் எது எண்டு கேக்கிறேல்லை.

இனிச் சோதினையை எடுப்பம். பிஸிக்ஸ். லோக்கல்ல முதல் பேப்பர் 50 எம்சிகியூ, ஒவ்வொண்டுக்கும் அஞ்சு விடை, ரெண்டு மணித்தியாலம், கல்குலேட்டர் இல்லை. ரெண்டாம் பேப்பரில நாலு ஸ்ட்ரக்சர்ட் கேள்வி கட்டாயம், பிறகு ஆறு கட்டுரைக் கேள்வியில நாலு. அந்த ஸ்ட்ரக்சர்ட் கேள்வியள் பெரும்பாலும் செய்முறையில இருந்துதான் வரும்: மீற்றர் பாலம், பரிவுக் குழாய், வேர்னியர் இடுக்கி. வாசிப்புப் பிழையை எப்பிடிக் குறைப்பாய், ஏன் ரெண்டாம் தரம் அளந்தனி, வரைபை எந்த அச்சில போடுவாய் எண்டு கேப்பினம். ஆனா அளந்து காட்டு எண்டு ஒருநாளும் கேக்க மாட்டினம். அதால மீற்றர் பாலத்தைத் தொட்டே பாக்காத பெடியன் ரியூசன் கொட்டிலில இருநூறு பேரோட இருந்து, சேர் மைக்கில சொல்லச் சொல்ல படத்தை வடிவாக் கீறி, வழுக்கித் தொடுகையை எங்க வைக்கோணும் எண்டு பாடமாக்கி முழு மாக்ஸ் எடுத்திட்டுப் போறான். கேம்பிரிட்ஜில ஏஎஸ்ஸுக்கு (ஏஎல்லின்ர முதல் பாதி) மூண்டாம் பேப்பர் எண்டு ஒண்டு இருக்கு, லாபில நேர நிண்டு ஊசலைத் தொங்கவிட்டு, ஸ்டொப்வோச் பிடிச்சு, வந்த வாசிப்பை அட்டவணையில எழுதி, கையில தந்த அந்தச் சாமானை வச்சே ஏன் பிழை வந்தது எண்டும் சொல்லோணும். எடெக்செல் அந்தளவுக்கு இல்லை, செய்முறை அறிவை எழுத்துப் பேப்பராத்தான் வைக்குது. அப்ப "லண்டன் எண்டா பிராக்டிக்கல்" எண்டு விளம்பரம் போடுறவையிட்ட எந்த போர்ட் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

மட்ஸ் வேற விதம். எங்கட இணைந்த கணிதம் ஒரு தனிச் சாதி. தூய கணிதத்துக்கு மூண்டு மணித்தியாலம், பிரயோக கணிதத்துக்கு மூண்டு மணித்தியாலம், ஒவ்வொரு பேப்பரிலயும் பகுதி ஏயில பத்துக் கேள்வியும் கட்டாயம், பகுதி பியில ஏழில அஞ்சு. ஒரு பெரிய கேள்விக்குள்ள நாலு விசயத்தை முடிஞ்சு வச்சிருப்பாங்கள், முதல் முடிச்சு அவிழாட்டி கீழ இருக்கிறது கன தரம் கிடக்கும் அப்பிடியே. எடெக்செல்ல பி1, பி2 (தூய கணிதம்), எம்1 (இயக்கவியல்), எஸ்1 (புள்ளிவிபரவியல்) எண்டு யூனிட் யூனிட்டா, ஒவ்வொண்டும் ஒன்றரை மணித்தியாலம் 75 மாக்ஸ், சமன்பாட்டுப் புத்தகம் தருவினம், கேள்வி படிப்படியாக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகும், ஒரு யூனிட் பிழைச்சா அதை மட்டும் திரும்ப எழுதலாம். அதுக்காக லண்டன் லேசு எண்டு நினைக்கிறது விசர்க்கதை. ஏ ஸ்டாருக்கு மார்க்கிங் ஸ்கீம் எதிர்பார்க்கிற சொல்லு அந்த இடத்தில வரோணும், பயோவில இது இன்னும் மோசம். ஆனா நேரத்தோட மல்லுக்கட்டி பெரிய கணக்கு உடைக்கிற பழக்கத்துக்கு லோக்கல் மட்ஸை அடிக்க ஒண்டும் இல்லை, இதில எனக்குச் சந்தேகமே இல்லை.

சோதினைத் திகதி எண்ட விசயத்தில மட்டும் லோக்கலுக்கு ஆர் வக்காலத்து வாங்குறது எண்டு தெரியேல்லை. முந்தி ஓஎல் டிசம்பர், ஏஎல் ஓகஸ்ட், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2022 ஏஎல் நடந்தது 2023 ஜனவரி, பெப்ரவரியில. 2024 நவம்பரில தொடங்கின ஏஎல் வெள்ளத்தால இடையில நிண்டது. றிசல்ட்டுக்குக் காத்து, பிறகு வெட்டுப்புள்ளிக்கு (கம்பஸ் கிடைக்க வேண்டிய ஆகக் குறைஞ்ச இசட் ஸ்கோர்) காத்து, பிறகு கம்பஸ் தொடங்கக் காத்து, பிள்ளைக்கு வயசு போகுது. எடெக்செல் ஏஎல்லுக்கு ஜனவரி, மே-ஜூன், ஒக்டோபர் எண்டு வருசத்தில மூண்டு தரம் இருக்கு. ஒண்டு சொல்லோணும், 2020 கொரோனாவில ஜூன் சோதினையை ரெண்டு போர்ட்டும் நிப்பாட்டி பள்ளிக்கூடம் குடுத்த கணிப்பில கிரேட் போட்டினம், எங்கட ஆக்கள் ஒக்டோபருக்குப் பின்போட்டு எண்டாலும் மாஸ்க்கோட இருத்தி எழுத வச்சினம்.

காசு பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. லோக்கலில செலவு ரியூசன்தான். லண்டனில பள்ளிக்கூடக் காசு, சோதினைக் காசு, புத்தகம், அதுக்கு மேல ரியூசனும் இருக்கு. சோதினைக் காசு பவுணில கணக்கு, 2022இல டொலர் 200 ரூபாவில இருந்து 360க்குக் கிட்டப் போகேக்க ஆறு யூனிட்டுக்குப் பதிஞ்ச வீடுகள் பட்ட பாடு தெரியும்தானே.

மொழி. லோக்கல் ஓஎல்லில ஒன்பது பாடம், அதில சமயம், தமிழ், இங்கிலிஷ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்சத்தில கர்நாடக சங்கீதமோ பரதநாட்டியமோ எடுக்கலாம். வரலாற்றுப் புத்தகத்தில எங்களைப் பற்றி எவ்வளவு இருக்கு எண்டது வேற சண்டை, அதை இதுக்குள்ள இழுக்கேல்லை. லண்டன் பக்கம் கேம்பிரிட்ஜ் ஓ லெவலில தமிழ் ஒரு பாடமா இருக்கு, ஆனா விருப்பமெண்டாத்தான் எடுக்கிறது. தமிழை விட்டிட்டு அந்த இடத்தில ஐசிரி (கணினிப் பாடம்) எடுக்கிற பிள்ளையள் அம்மம்மாவோட கதைக்குங்கள், ஆனா உதயன் பேப்பரை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்குங்கள்.

இங்கிலிஷுக்காகத்தான் லண்டன் எண்டு நினைக்கிறவைக்கு நடுவில இன்னொரு வழி கிடக்கு, அதை ஏனோ ஒருத்தரும் கதைக்கிறேல்லை. லோக்கல் பாடத்திட்டத்தையே இங்கிலிஷ் மீடியத்தில படிக்கலாம். 2000களின்ர தொடக்கத்தில இருந்து அரச பள்ளிக்கூடங்களில இருக்கு, யாழ்ப்பாணத்திலயும் இருக்கு. கணிதம் விஞ்ஞானம் இங்கிலிஷில, சமயமும் தமிழும் தமிழில, கம்பஸ் கதவும் பூட்டுறேல்லை. ஏஎல்லில இங்கிலிஷ் மீடியத்துக்கு ரீச்சர்மார் தட்டுப்பாடு, அது மெய்தான், ரியூசனும் பெரும்பாலும் தமிழில. எண்டாலும் என்னைக் கேட்டா மூண்டு வழியிலயும் நடுத்தர வீட்டுக்கு இதைத்தான் முதல் சொல்லுவன்.

ஆகக் கூடாதது நடுவழியில மாறுறது. தமிழ் மீடியத்தில ஓஎல் எடுத்து 9ஏ வந்த உற்சாகத்தில லண்டன் ஏஎல்லுக்குப் போற பிள்ளை முதல் ஒரு வருசம் பாடத்தைப் படிக்கிறேல்லை, இங்கிலிஷைத்தான் படிக்குது. மாறிறதெண்டா ஆறாம் ஆண்டில மாறுங்கோ. இன்டர்நஷனல் பள்ளிக்கூடம் எண்டுறவை கொம்பனிச் சட்டத்துக்குக் கீழ பதிஞ்சவை, ஒரு வலயக் கல்விப் பணிப்பாளரும் வந்து வகுப்பை எட்டிப் பாக்கிறேல்லை, அப்ப பாக்கிற வேலை உங்கட. பனரில போட்ட ரெண்டு ஏ ஸ்டாரை விட்டிட்டு அந்த பாட்ச்சில எழுதின எல்லாற்றையும் றிசல்ட்டைக் கேளுங்கோ. ஏஎல் பிஸிக்ஸ் படிப்பிக்கிறவர் முழுநேரமோ, கொழும்பில இருந்து சூமில வாறவரோ எண்டு கேளுங்கோ. லாபையும் அந்த இடத்திலயே திறந்து காட்டச் சொல்லுங்கோ, திறப்பு ஆரிட்ட எண்டு தேடி ஓடினமெண்டா அட்மிசன் ஃபோமை மடிச்சு பாக்கில வச்சுக்கொண்டு வெளிக்கிடலாம்.