குவாங்சோ ஃபர்னிச்சர் கண்காட்சி: கொங்கு வட்டாரக் கடைக்காரர்கள் போகலாமா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஷோரூம் வைத்திருப்பவர்கள் மார்ச்சில் சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் சிஐஎஃப்எஃப் ஃபர்னிச்சர் கண்காட்சிக்குத் தாராளமாகப் போகலாம். இரண்டு கட்டமாக நடக்கும். வீட்டுச் சாமான் முதல் கட்டத்தில், ஆபீஸ் சாமான் இரண்டாவதில். கட்டம் மாறி டிக்கெட் போட்டால் பயணமே வீண்.

கிளம்புமுன் அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டில் 1.8 மீட்டர் அகலம், நம் மெத்தை 72 அங்குலம், அதாவது 1.83 மீட்டர். அந்த 3 சென்டிமீட்டரால் மெத்தை சட்டத்துக்குள் இறங்காது. கல்யாணச் சீருக்குக் கட்டில் எடுப்பவர்கள் அதைத் திருப்பித்தான் அனுப்புவார்கள். உள் அளவை மாற்றித் தரச் சொல்லி ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

விலை கேட்கும்போதே பேக்கிங்கோடு எத்தனை கன மீட்டர் என்றும் கேளுங்கள். 40 அடி ஹைக்யூப் (உயரம் கூடிய) கன்டெய்னரில் நடைமுறையில் 68 கன மீட்டர்தான் ஏறும். பிரித்து அடுக்க முடியாத சோஃபா இடத்தைத் தின்றுவிடும். மலிவான சோஃபா கப்பல் வாடகையில் விலை ஏறுவது இதனால்தான். மரச்சாமானுக்கு ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம் என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் நம்மூர் வெயிலில் இணைப்பு விரியும்.

முன்பணம் பெரும்பாலும் 30 சதவீதம். விற்பவரின் தொழில் உரிமத்தில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அந்த ஸ்டாலை விட்டுவிடுங்கள்.

நேரமிருந்தால் பக்கத்து ஃபோஷானில் லெகோங் ஃபர்னிச்சர் சந்தையையும் பாருங்கள். சின்ன ஆர்டருக்கு அதுவே தோது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) விதி பற்றி மட்டும் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.