மலைநாட்டுக் கடை அலமாரியில் பேக்கன், சொசேஜஸ், ஹாம்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை எந்த டவுனில் சுப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் பதப்படுத்திய இறைச்சிக்கென்று ஒரு குளிர் அலமாரி இருக்கிறது. கீல்ஸ் கிரெஸ்ட், கோல்டி, கம்பளையின் கிரிஸ்ப்ரோ என்று பழகிய பெயர்கள். சில இறைச்சிக்கடைகளில் அவர்களே உப்புப் போட்டு விற்கும் பேக்கனும் உண்டு. தோட்டப் பக்கம் போனால் விறகடுப்புக்கு மேலே தொங்கும் வத்தல், அதாவது உப்புப் பூசிக் காயவைத்த இறைச்சி. எந்த பிராண்ட் நல்லது என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. வீட்டில் பைட் என்ற கொறிக்கும் துணை உணவு போடவும், இரவுக்குச் சட்டென்று ஒரு கறி வைக்கவும் இவற்றில் எந்த வகை கொடுத்த காசுக்குப் பெறுமதி என்பதுதான் பார்க்க வேண்டியது.

எல்லா வகைக்கும் பொதுவாக ஒன்று. இதை இறைச்சி என்று நினைத்துச் சமைக்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மாசியையும் கருவாட்டையும் எப்படிப் பாவிக்கிறோமோ அப்படிப் பாவிக்க வேண்டும்: கொஞ்சமாக, மற்றதற்கு ருசி ஏற்ற, தனியாக உப்புப் போடாமல். அப்படிப் பாவித்தால் 200 கிராம் பேக்கன் பக்கட் ஒன்று நாலு பேருள்ள வீட்டுக்கு மூன்று வேளைக்கு வரும். பொரித்துத் தட்டில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வாங்கும்போது பக்கட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் போடுவார்கள். இறைச்சிக்கு அடுத்த இடத்தில் தண்ணீர் இருந்தால் உப்புநீரை ஊசியால் ஏற்றிய சரக்கு. நம் அலமாரியில் இருப்பதில் பெரும்பாலானது இதுதான். கெட்டதல்ல, ஆனால் சமைக்கும் விதம் வேறு. 450, 451, 452 என்ற எண்கள் பொஸ்பேட். ஏற்றிய நீரை இறைச்சிக்குள் பிடித்து வைப்பது அதன் வேலை. 250 என்பது சோடியம் நைட்ரைட். வெந்த பிறகும் இளஞ்சிவப்பு மாறாமல் இருப்பதும், உணவை நஞ்சாக்கும் பொட்டுலினம் கிருமி தலைதூக்காமல் இருப்பதும் அதனால்தான். முன்பக்கத்து நிற அடையாளத்தில் உப்பு சிவப்பாக இருந்தால் 100 கிராமுக்கு 1.25 கிராமுக்கு மேல் உப்பு என்று அர்த்தம். பேக்கனிலும் ஹாமிலும் அது சிவப்பாக இருப்பது சாதாரணம். அதனால்தான், வீட்டில் வத்தல் போடுவதைத் தவிர, கீழே வரும் எந்தச் சமையலிலும் உப்புக் கணக்கு இல்லை.

அலமாரியில் எனக்கு முதலிடம் பேக்கனுக்கு. கொழுப்பும் சதையும் வரிவரியாக ஓடும் வயிற்றுப் பகுதித் துண்டையே எடுங்கள். முதுகுப் பகுதி பேக்கனில் சதை அதிகம், பாணுக்கு நடுவில் வைக்க நல்லது. ஆனால் கொழுப்பு குறைவு, நமக்கு வேண்டியது அந்தக் கொழுப்பு. மொறுமொறுவென்று பொரித்தால் 200 கிராம் பக்கட்டில் 70, 80 கிராம்தான் மிஞ்சும். அளவைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்ட வேண்டாம், மற்றதெல்லாம் நீரும், உருகிய கொழுப்பாகிய நெய்யுமாகப் பிரிந்து போயிருக்கும்.

சூடான எண்ணெயில் போடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. வெளியில் கருகும், உள்ளே ரப்பர் போல இழுக்கும், நெய் இறங்காது. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக் குளிர்ந்த தாச்சியில் பரப்பி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி, சிறு நெருப்பில் வையுங்கள். எண்ணெய் ஒரு துளிகூட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக நுரை பொங்கும். ஏற்றிய உப்புநீரோடு கரைந்து வரும் புரதம் அது, கெட்டுப்போனது என்று பயப்படத் தேவையில்லை. தண்ணீர் வற்றும் வரை சளசளவென்று இருக்கும் சத்தம் நெய் இறங்கியதும் சன்னமான பொரியும் சத்தமாக மாறும். அப்போதுதான் கிளற வேண்டும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம். பதப்படுத்தும்போது சீனி சேர்த்திருந்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் சட்டென்று கருகும், அந்த நேரத்தில் அடுப்பை விட்டுப் போகாதீர்கள். இன்னும் கொஞ்சம் வளைகிற பதத்திலேயே கோரி எடுத்துவிடுங்கள், ஆறும்போது தானாக மொறுகும். தாச்சியில் மூன்று, நாலு மேசைக்கரண்டி நெய் நிற்கும். வடித்து கண்ணாடிப் போத்தலில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். பக்கட்டின் பாதிப் பெறுமதி அதில்தான் இருக்கிறது.

அந்த நெய்க்கு நுவரெலியா லீக்ஸையும் உருளைக்கிழங்கையும் விடப் பொருத்தமான சோடி கிடையாது. 500 கிராம் கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பச்சைத் தண்ணீரிலேயே போட்டு உப்பில்லாமல் அவியுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பு சமையல் குறிப்பில் 12 நிமிடம் என்றிருந்தால் இங்கே 16, 17 நிமிடம் பிடிக்கும். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும். நடுவில் கடினமாக இருக்கும்போதே நெய்யில் போட்டால் எவ்வளவு பொரித்தாலும் அந்தக் கடினம் போகாது. வடித்ததும் அதே சூட்டுப் பானையில் இரண்டு நிமிடம் குலுக்கி ஆவி போகவிடுங்கள், ஈரக் கிழங்கு தாச்சியில் ஒட்டும்.

இரண்டு பெரிய லீக்ஸைத் தண்டோடு நீளவாக்கில் பிளந்து, ஓடும் தண்ணீரில் அடுக்கு அடுக்காக விரித்துக் கழுவ வேண்டும். தண்டு வெள்ளையாக வர மண் அணைத்து வளர்ப்பதால் மண் உள் அடுக்கு வரை போயிருக்கும். சரியாகக் கழுவாவிட்டால் வாயில் நறநறக்கும். இரண்டு கரண்டி பேக்கன் நெய்யில் கிழங்கை ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை கிளறாமல் விட்டு, திருப்பிப் போட்டு, பிறகு லீக்ஸ், நசுக்கிய பூண்டு இரண்டு பல். லீக்ஸ் வதங்க நாலு நிமிடம் போதும். இறக்கும்போது பொரித்த பேக்கனில் 50 கிராமும் அப்போதே இடித்த மிளகும். ருசி பார்த்த பிறகும் உப்புப் போடக் கை வராது.

மிச்ச பேக்கனைச் சீனிச் சம்பலில் மாசிக்குப் பதிலாகப் போடலாம். நெய்யோடு ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து, மெல்லியதாக வெட்டிய 500 கிராம் பெரிய வெங்காயத்தைச் சிறு நெருப்பில் 35 நிமிடமாவது வதக்குங்கள். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். கறுவா, ஏலக்காய், ரம்பை, கறிவேப்பிலை வழக்கம்போல. இடித்த செத்தல் மிளகாய் ஒரு மேசைக்கரண்டி, புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி, கடைசியாக நொறுக்கிய பேக்கன். மாசி போட்டதைப் போல நாட்கணக்காக வெளியில் வைக்கக் கூடாது. பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

சொசேஜஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். சேர்மானத்தில் கோழிக்கு அடுத்தபடி கோதுமை மா, ஸ்டார்ச், சோயாப் புரதம் என்று வரிசையாக வந்தால் அந்தப் பக்கட்டை வைத்துவிடுங்கள். மலிவுதான். ஆனால் மா எண்ணெயைக் குடிக்கும், டெவல் (வெங்காயம், மிளகாய், சோஸோடு பெரு நெருப்பில் பிரட்டுவது) போட்டால் சோஸில் ஊறிக் களியாகும். பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்க மட்டும் சரி.

டெவலுக்கு 250 கிராம் நல்ல சொசேஜஸ் போதும். பிரீசரிலிருந்து எடுத்து நேராகப் போட்டால் தண்ணீர் விட்டு வேகும், நிறம் பிடிக்காது. முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள். ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சரிவாக வெட்டினால் முழுசாகப் போடும்போது வெடிப்பது போல வெடிக்காது, உள்ளே அடைபட்ட ஆவிக்கு வழி இருக்கிறது. இரண்டு கரண்டி எண்ணெயில் நிறம் பிடிக்கும் வரை பொரித்துத் தனியே எடுங்கள். சோஸை முன்கூட்டியே கலக்கி வைத்திருக்க வேண்டும்: தக்காளி சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒரு தேக்கரண்டி, வினாகிரி ஒரு தேக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, இடித்த செத்தல் ஒரு தேக்கரண்டி. பிறகு நெருப்பை முழுசாகக் கூட்டி, இதழ் இதழாகப் பிரித்த பெரிய வெங்காயம் ஒரு நிமிடம், கறிமிளகாய் ஒரு நிமிடம், தக்காளி அரை நிமிடம், சோஸ், சொசேஜஸ், இரண்டு பிரட்டு, இறக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடி வைத்தால் வருவது டெவல் அல்ல, சொதி. எட்டுப் பேருக்கு என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். வீட்டு காஸ் அடுப்பின் சூடு ஹோட்டல் அடுப்பைப் போல நிறைந்த தாச்சியைத் தாங்காது.

ஹாம் என்றால் பன்றியின் பின்தொடை. சிக்கன் ஹாம் என்று விற்பது கோழி இறைச்சியைச் சேர்த்து அழுத்தி உருக்கொடுத்தது. அதைப் பொரிக்க வேண்டாம், சுருண்டு நீர் விடும். தாளில் ஒற்றி ஈரம் எடுத்து, சீஸ் குச்சி ஒன்றும் அன்னாசித் துண்டு ஒன்றும் வைத்துச் சுருட்டிப் பல்குச்சி குத்தினால் நல்ல பைட். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். கர்ப்பிணிகள் இதைக் குளிராகச் சாப்பிடக் கூடாது, லிஸ்டீரியா கிருமி பிரிட்ஜிலும் வளரும். ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டு சலாமியும் பார்மா ஹாமும் பெரிய கடைகளில் சில வேளை வரும். பார்மா ஹாமில் இருப்பது பன்றித் தொடையும் கடலுப்பும் மட்டும், ஒரு வருடத்துக்கு மேல் காற்றில் கிடந்து பதமாவது. அதை அடுப்பில் ஏற்றுவது காசைக் கொளுத்துவது. இத்தாலியில் முலாம்பழத்தோடு வைப்பார்கள். இங்கே வெலிமடைப் பாதையோரத்தில் விற்கும் பேரிக்காய் போதும். கடினமான காய் என்பதால் கத்தி தெரியும் அளவு மெல்லியதாகச் சீவி, தேசிக்காய் இரண்டு சொட்டு. நுவரெலியாக் குளிரில் கொழுப்பு இறுகியே நிற்கும், ருசி தெரியாது. தட்டை வெந்நீரில் காட்டித் துடைத்துவிட்டுப் பரப்புங்கள். 50 கிராம் நாலு பேருக்குத் தாராளம்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. தினமும் காலையில் பாணோடு சொசேஜ் என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, எப்போதாவது நல்லதாக ஒன்று வாங்குங்கள். திறந்த பக்கட்டை ஐந்து நாளுக்குள் முடிக்க வேண்டும். முடியாது என்றால் வாங்கிய அன்றே 50 கிராம் பொட்டலங்களாகக் கட்டி பிரீசரில் போடுங்கள், ஒரு மாதம் தாங்கும். கரன்ட் போய் முழுசாக உருகிச் சூடேறியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். போயா தினத்தில் இறைச்சி விற்பனை கிடையாது என்பதையும் கணக்கில் வைத்து முதல் நாளே வாங்குங்கள்.

கடைசியாக வத்தல். பைட்டுக்கு மட்டும் என்றால் அலமாரியில் இருக்கும் எதுவும் இதற்குக் கிட்ட வராது. மாடு சாப்பிடாத வீட்டில் ஆட்டிறைச்சியில் போடலாம். ஒரு கிலோ இறைச்சியில் கொழுப்பை முழுசாகச் சீவி எடுத்துவிட வேண்டும். காறல் வாடை வருவது அந்தக் கொழுப்பிலிருந்துதான். விரல் தடிப்புக்கு மேல் போகாமல் கீற்றாக வெட்டி, 50 கிராம் உப்பு, மஞ்சள், மிளகு, அரைத்த கொறக்கா பூசி ஓர் இரவு பிரிட்ஜில் வைத்து, மறுநாள் விறகடுப்புக்கு மேலே கம்பியில் ஒன்றை ஒன்று தொடாமல் தொங்கவிடுங்கள். தடிப்பாக வெட்டினால் வெளியே இறுகி உள்ளே அழுகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையும் பனிமூட்டமும். காய்வதற்கு முன் நூல் பிடித்துவிடும். அதே மாதங்களில் பதுளை, வெலிமடைப் பக்கம் கச்சான் காற்று அடித்துக் காய்ந்து கிடக்கும், அங்கே போட்ட வத்தலாகப் பார்த்து வாங்குவது புத்தி. ஒரு கிலோ 400 கிராம் அளவுக்கு இறங்கி, வளைத்தால் நார் நாராகப் பிளக்க வேண்டும். மரை என்ற காட்டு மானின் வத்தல் என்று காதோடு சொல்லி விற்க வந்தால் வாங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

சமைக்க 100 கிராம் எடுத்து வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஒருமுறை தண்ணீர் மாற்றிப் பிழிந்து, உரலில் நார் பிரியும் அளவுக்கு இடியுங்கள். தேங்காயெண்ணெய் இரண்டு கரண்டியில் சின்ன வெங்காயம் பத்து, கறிவேப்பிலை, இடித்த செத்தல், பிறகு வத்தல். ஓரங்கள் முறுகி, வாசம் வாசல் வரை போகும் வரை வறுத்து இறக்குங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கோடும் தேங்காய் ரொட்டியோடும் போகும். தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், சூட்டுத் தாச்சியில் விட்டால் கசந்துவிடும்.